தும்மினால் கசிகிறதா, அடி இறங்கியிருக்கிறதா: இடுப்புத் தளத் தசையைப் பழக்குவதும், ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியதும்

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா முட்டிவலிக்காக என்னிடம் வந்திருந்தார். படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொன்னேன், பாதியில் இருமல் வந்தது. காலை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு தொடையையும் இறுக்கி, புடவையைச் சுருட்டி நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார். இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. "அது ஒன்னும் இல்லம்மா, மூணு பெத்தவ, அப்படித்தான் ஒழுகும்" என்றார். மூன்று வருடமாக மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பையில் மாற்றுப் பாவாடை வைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்த்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இதே கசிவு இருந்தது. இதைப் படித்தவள் நான், ஆனாலும் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் போய்க் காட்டிய இடத்தில், "குழந்தை பெத்தா அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிறையப் பேருக்கு வருகிறது என்பது உண்மை, அதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது உண்மையில்லை. அதனால்தான் வீட்டிலேயே செய்யக்கூடியதையும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும், ஆபரேஷன் என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

கீழே தாங்கிக்கொண்டிருப்பது எது

முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, தூளி கட்டின மாதிரி ஒரு தசைப்படலம் இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. இதைத்தான் இடுப்புத் தளத் தசை என்கிறோம். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் இது தானாகவே கொஞ்சம் இறுகிய நிலையில் இருக்கும். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் அந்த நொடியில் சட்டென்று இன்னும் இறுகும். சிறுநீர், மலம் போகும்போது முழுசாகத் தளரும். இறுகத் தெரிந்தால் மட்டும் போதாது, தளரவும் தெரிய வேண்டும்.

இந்தத் துறையில் வெகுகாலமாகச் சொல்லப்படும் ஒரு உவமை உண்டு, காசிமேடு பக்கம் இருக்கிறவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. துறைமுகத்தில் படகு நிற்கிறது. படகின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது, கயிறு படகை நகராமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வற்றிவிட்டால் மொத்த எடையும் கயிற்றில் தொங்கும், நாளாக நாளாகக் கயிறு இழுபட்டு நைந்து போகும். படகு என்பது கர்ப்பப்பையும் மூத்திரப்பையும். தண்ணீர், இந்தத் தசை. கயிறு, அந்த உறுப்புகளை இடுப்பெலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்கள். ஆபரேஷனில் டாக்டர் செய்வது பெரும்பாலும் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவது. தண்ணீர் மட்டத்தை ஏற்றும் வேலை நம்முடையது, அதை எந்தக் கத்தியும் செய்ய முடியாது. ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும், ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டவர்களுக்கும் நான் ஒரே பயிற்சியைச் சொல்வது இதனால்தான்.

சுகப்பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், இந்தத் தசையும் நரம்பும் அடிபடலாம். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துத் திசு மெலியும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் எடை, தினமும் பாரம் தூக்குவது எல்லாம் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். லாரித் தண்ணீர் பிடித்து மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாக ஏற்றுகிற பெண்களுக்கு நான் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்குக் கிட்ட வரும்.

முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும்

பயிற்சி செய்தும் பலனில்லை என்று வருகிறவர்களில் பலர் தப்பான தசையை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றை உள்ளே இழுப்பார்கள், பிட்டத்தை இறுக்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்கிக்கூட விடுவார்கள். முக்குவது இருக்கும் பிரச்சினையை இன்னும் அதிகமாக்கும்.

ஒரு டர்க்கி டவலைக் கெட்டியாக உருளை மாதிரி சுருட்டி, மர நாற்காலியில் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். டவல் முன்னிருந்து பின்வரை உடம்பைத் தொட வேண்டும். பத்துப் பேர் இருக்கும் ஷேர் ஆட்டோவில் காற்றுப் பிரிய வருகிறது, அடக்க வேண்டும், அதற்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். அதோடு சேர்த்துச் சிறுநீரை நிறுத்துகிற மாதிரி முன்பக்கத்தையும் இழுங்கள். சரியான தசை என்றால், டவலிலிருந்து அந்த இடம் லேசாக மேலே உள்வாங்குவது தெரியும். விட்டால் மறுபடி டவலில் வந்து உட்காரும். இறுக்கும்போது டவலை இன்னும் அழுத்துகிற மாதிரி இருந்தால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். வயிற்றில் ஒரு கை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கைக்குக் கீழே வயிறு கல்லாக இறுகக் கூடாது. சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ண முடிந்தால் மூச்சு பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கூச்சம் இல்லையென்றால் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கிற இடம் உள்ளே போக வேண்டும், வெளியே புடைக்கக் கூடாது.

அந்த மீன் விற்கும் அக்காவுக்கு நான்காவது தடவைதான் பிடிபட்டது. முதல் மூன்று தடவையும் தோள் ரெண்டும் காதுவரை ஏறிவிட்டன. நான்காவது தடவை தோள் அசையவில்லை, முகத்தில் மட்டும் ஒரு ஆச்சரியம். "ஐயே, இது இங்கதான் இருக்குதா" என்றார்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதைச் சிலர் தினசரிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள், அது வேண்டாம். எப்போதாவது ஒரு தடவை தசை எது என்று தெரிந்துகொள்ளச் செய்யலாம். பழக்கமாக்கினால் மூத்திரப்பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

எத்தனை, எவ்வளவு நாள்

ஆரம்பத்தில் படுத்து முழங்காலை மடக்கி வைத்துச் செய்யுங்கள், அதில் எடை கீழே அழுத்தாது. உங்களால் எத்தனை விநாடி பிடிக்க முடிகிறதோ அதுதான் உங்கள் தொடக்கம், மூன்று விநாடி என்றால் மூன்று. பிடித்த நேரத்துக்குக் குறையாமல் முழுசாகத் தளர்த்துங்கள், அந்தத் தளர்வை அவசரப்படுத்தாதீர்கள். எட்டு முதல் பத்துத் தடவை. அதன் பிறகு டக் டக்கென்று இறுக்கி விடுவது ஒரு பத்துத் தடவை, ஏனென்றால் இந்தத் தசையில் நின்று தாங்கும் நாரும் உண்டு, சட்டென்று பாயும் நாரும் உண்டு, தும்மலுக்குத் தேவைப்படுவது இரண்டாவது வகை. இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாரா வாரம் ஒரு விநாடி கூட்டிக்கொண்டே போய்ப் பத்து விநாடிக்கு வாருங்கள். படுத்து நன்றாக வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று செய்ய வேண்டும், கசிவது நிற்கும்போதுதானே.

குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரம் செய்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு, எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அமெரிக்கப் பெண்கள் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதை ஒரு சிகிச்சையாக எழுதி வைத்தார், அவர் பெயரால்தான் கெகல் பயிற்சி என்கிறோம். இன்றைக்கும் இருமல் தும்மலில் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சை இதுதான்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, தேவைப்படும் நொடியில் இறுக்கப் பழகுவது. இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் இறுக்கு, அப்புறம் இருமு. குடத்தைத் தூக்குவதற்கு முன் இறுக்கு, தூக்கும்போது மூச்சை வெளியே விடு. கூடையை இறக்கும்போதும் அப்படித்தான். அந்த அக்கா மீன் தட்டைத் தூக்கும்போதெல்லாம் மனசுக்குள் "ஏத்து" என்று சொல்லிக்கொள்வாராம், அந்தச் சொல் அவரே வைத்துக்கொண்டது. மூன்றாவது மாதம் மாற்றுப் பாவாடைப் பை வீட்டில் தங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்காது, எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் வர நேரமாவது, மலம் முழுசாக வெளியேறாத உணர்வு, இடுப்புக்குள் இழுக்கிற வலி எல்லாம் இருந்தால் இறுக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டையோ டாக்டரையோ பாருங்கள். அவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது மூச்சோடு சேர்த்துத் தளர்த்துவது.

அவசரமாக வருவது வேறு விஷயம்

பூட்டைத் திறப்பதற்குள், குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே, அடக்க முடியாமல் வந்துவிடுகிறது என்றால் அது இருமலில் கசிவது போன்றதில்லை. மூத்திரப்பை நம்மைக் கேட்காமல் சுருங்குகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது அதிகம் என்று தெரிந்துகொள்வது ரொம்ப அவசியம், கசிவுக்கான ஆபரேஷன் இந்த அவசரத்தைச் சரிசெய்யாது. முதலில் சர்க்கரையும் யூரின் டெஸ்டும் பார்த்துவிடுங்கள், சர்க்கரையோ நீர்த்தாரைத் தொற்றோ இருந்தாலும் இப்படித்தான் வரும்.

இதற்கு மூத்திரப்பையைப் பழக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போகிறவர் என்றால், அவசரம் வந்ததும் ஓடாமல், உட்கார்ந்து, தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி, அலை அடங்கியதும் நிதானமாக நடந்து போங்கள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் தள்ளித் தள்ளி மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். டீ, காபி இரண்டையும் குறைத்துப் பாருங்கள். பயிற்சியில் அடங்காவிட்டால் மாத்திரையும் இருக்கிறது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். மார்க்கெட்டில் உட்காருகிற பெண்கள் பலர் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு டீயோடு சரி, ஏனென்றால் போக இடமில்லை, இருக்கிற இடம் கால் வைக்கிற மாதிரி இல்லை. இது அவர்கள் தப்பு இல்லை, எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி மூத்திரப்பையை இன்னும் உறுத்தும், தொற்று வரும், மலம் இறுகும்.

மலம் இறுகினால் முக்க வேண்டும், தினமும் முக்கினால் கயிறு நையும். நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்காருவது இதற்கு நல்லது, மலக்குடல் நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள்.

அடி இறங்கினால்

சாயங்காலம் ஆனால் கீழே கனமாக இருக்கிறது, குந்தினால் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீரோ மலமோ வருகிறது. இதைத்தான் கர்ப்பப்பை இறக்கம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் இறங்குவது எப்போதும் கர்ப்பப்பை இல்லை. முன்சுவரில் மூத்திரப்பை இறங்கலாம், பின்சுவரில் மலக்குடல் புடைக்கலாம், கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குக்கூடப் பிறப்புறுப்பின் மேல் முனை இறங்கி வரலாம். இது புற்றுநோய் இல்லை. பயந்துகொண்டு வருடக்கணக்கில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் துணி உராய்ந்து புண்ணாகும். ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மகப்பேறு மருத்துவமனை. பிரசவத்துக்கு மட்டும் இல்லை, பெண்கள் நோய்க்கும் அங்கே பார்க்கிறார்கள். எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையும் இருக்கிறது. போகும் முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது. டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. "கீழ பிரச்சினை" என்று மட்டும் சொல்லாதீர்கள், "இருமினா யூரின் ஒழுகுது", "அடி வெளிய வருது" என்று நேராகச் சொல்லுங்கள். இருமச் சொல்லியும் முக்கச் சொல்லியும் பரிசோதிப்பார்கள், அப்போது கசிந்தால் வெட்கப்பட வேண்டாம், அதைப் பார்க்கத்தான் சொல்கிறார்கள்.

இறக்கம் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் பயிற்சியிலேயே கனம் குறையும், தொந்தரவு குறையும். முழுசாக வெளியே வந்ததைப் பயிற்சி உள்ளே கொண்டுபோகாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் பண்ணும் நிலை இல்லை என்றாலோ, இப்போது வேண்டாம் என்றாலோ, சிலிக்கோன் வளையம் இருக்கிறது, பெஸ்ஸரி என்பார்கள். டாக்டர் அளவு பார்த்து உள்ளே வைப்பார். சரியான அளவு என்றால் அது இருப்பதே தெரியாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து.

ஆபரேஷன் என்றால்

நம் பக்கம் "கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்" என்று ஒரே பேச்சு. கர்ப்பப்பை படகு, கயிறு இல்லை. படகை எடுத்துவிட்டுக் கயிற்றைக் கட்டாமல் விட்டால் அந்த இடம் மறுபடி இறங்கும். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எடுத்த பிறகு மேல் முனையை எதோடு கட்டுவீங்க?" பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, முன்சுவரையும் பின்சுவரையும் தைத்து, மேல் முனையை இடுப்புக்குள் இருக்கும் உறுதியான நாரோடு தைப்பது ஒரு முறை. வயிற்று வழியாகவோ, சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ரோஸ்கோப்பிலோ, ஒரு வலைத் துண்டைப் போட்டு முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்போடு கட்டுவது இன்னொன்று. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு. சின்ன வயசுப் பெண்களுக்காகப் பம்பாய் டாக்டர் வி. என். ஷிரோத்கர் செய்த ஸ்லிங் அதில் ஒன்று. இன்னும் குழந்தை வேண்டும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இருமலில் கசிவதற்குச் செய்வது வேறு ஆபரேஷன். சிறுநீர்க் குழாய்க்குக் கீழே ஒரு மெல்லிய நாடாவைத் தாங்கலாக வைப்பார்கள், இது 1990-களில் ஸ்வீடனில் உருவான முறை. நாடாவுக்குப் பதில் நம் உடம்பிலிருந்தே திசு எடுத்து வைப்பதும் உண்டு. இறக்கத்தை மட்டும் சரிசெய்த பிறகு அதுவரை இல்லாத கசிவு சிலருக்குப் புதிதாக வரும், ஏனென்றால் இறங்கிய மூத்திரப்பை குழாயை மடக்கிக் கசிவை மறைத்து வைத்திருக்கும். "எனக்கு அப்படி இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

வலை பற்றி ஒரு வார்த்தை. இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வலை வைப்பதில் வலியும், வலை வெளியே துருத்துவதும் வந்ததால், 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. கசிவுக்கு வைக்கும் நாடாவும், வயிற்று வழியாக வைக்கும் வலையும் அந்த உத்தரவில் வராது. வலை வைக்கப் போகிறார்களா, எந்த வழியாக, பிற்பாடு தொந்தரவு தந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

தேதி குறித்ததும் வீட்டில் பேச வேண்டியது தண்ணீர் விஷயம். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, பல டாக்டர்கள் மூன்று மாதம் என்பார்கள். யார் பிடிப்பது, யார் மாடிக்கு ஏற்றுவது என்று கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லாரையும் உட்காரவைத்துத் தேதிக்கு முன்பே முடிவு பண்ணுங்கள். "ரெண்டு வாரம் ஆயிடுச்சே, நல்லாத்தானே நடக்குற" என்று சொல்வார்கள். வெளியே தையல் தெரியாததால் உள்ளே ஆறவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யூரின் ட்யூப் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு சரியாகப் போகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். சில வாரம் லேசாக ரத்தக் கசிவும் கறையும் இருக்கும். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, நாப்கின் நனைகிற ரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பது, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போங்கள். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இசப்கோல் எடுக்கலாமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள். தாம்பத்தியம் ஆறு வார செக்கப்பில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

அந்தச் செக்கப்பிலேயே "பயிற்சி மறுபடி எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். சரி என்றதும் பழையபடி படுத்து, முழங்காலை மடக்கி, மூன்று விநாடியிலிருந்து தொடங்குங்கள். முன்பு பத்து விநாடி பிடித்தவராக இருந்தாலும் இப்போது மூன்றுதான்.